மொட்டை மாடி முகாம்

போன கத்திரியில் என் நண்பர் ஒருவரைப் பதினோரு நாள் மொட்டை மாடி வெயிலில் இருக்க வைத்தேன். கையையும் காலையும் கட்டிப் போட்டு அல்ல, ஒரே ஒரு காகிதத்தால். அவருக்கு வெயில் ஆகாது என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது எழுதும்போதும் சில இடங்களில் சிரிப்பு வருகிறது. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

நான் விமானப்படையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருபது வருஷம் இருந்து சார்ஜெண்டாக வெளியே வந்தவன். பிறகு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அதே ஸ்டோர்ஸ் வேலை. எம்.ஏ. தபாலில் படித்தேன். நண்பர் தரைப்படையில் ஹவில்தார். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்து, தறியில் குந்திக்கொண்டிருக்கப் பிடிக்காமல் பட்டாளத்துக்கு ஓடியவர். மனைவி போன பிறகு, ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மகளோடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். ஊர் எங்கள் இருவரையுமே 'மிலிட்டரி' என்றுதான் சொல்லும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் அவர் மீசை மிலிட்டரி, நான் கண்ணாடி மிலிட்டரி.

பைபாஸ் ஓரத்தில் இருக்கும் பாய் டீக்கடையில் தினமும் காலை எங்கள் சண்டை நடக்கும். பாய் டீ ஆற்றிக்கொண்டே கேட்பார். இன்னும் நாலைந்து பழைய பட்டாளத்துக்காரர்களும் பெஞ்சில் இருப்பார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஒன்று, காட்டில் விட்டால் எவன் உயிரோடு வருவான் என்பது. இன்னொன்று, எவனுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் நல்ல குவார்ட்டர்ஸ் என்பது.

"அஞ்சு நாள் காட்டுல உட்டாங்க பாய்," என்பார் ஹவில்தார். "ஒரு தீப்பெட்டி, ஒரு கத்தி, ஒரு புடி உப்பு. பாம்பப் புடிச்சு தலைய வெட்டிச் சுட்டுத் தின்னோம். ஏர்போர்ஸ்ல சர்வைவல் ட்ரெய்னிங்னா இன்னா தெரியுமா? ரூம்ல ஏசி ரிப்பேர் ஆச்சுன்னா மெக்கானிக் வர்ற வரைக்கும் தாக்குப் புடிக்கிறது."

"பாம்பு திங்கிற நெலம உனக்கு ஏன் வந்துச்சு அவுல்தாரே? மெஸ்ஸுக்கு வழி தெரியல. எங்க ஆளுங்களுக்கு மேப் பாக்கத் தெரியும்."

"மேப் பாத்து நேரா கட்டிலுக்குப் போவீங்க."

"கட்டிலு, மெத்த, கொசுவல, பக்கத்துல ஃபேனு. நாட்டக் காப்பாத்துறவன் நல்லாத் தூங்கினாத்தான் நாடு நல்லா இருக்கும்."

பாய் நடுவில் புகுவார். "பாம்பு டேஸ்ட் எப்டி இருக்கும் மிலிட்டரி?"

"மீன் மாதிரி இருக்கும் பாய்."

"அப்போ மீனே வாங்கித் துன்னுருக்கலாமே, இன்னாத்துக்கு அவ்ளோ பேஜாரு?"

நானும் விடுவதில்லை. விமானிகளோடு மலைக்காட்டில் சர்வைவல் பயிற்சிக்குப் போன கதை ஒன்று என்னிடம் இருந்தது. மூங்கில் குருத்து தின்றது, பனியைச் சேர்த்துக் குடித்தது, அட்டையைக் கையால் பிய்த்து எறிந்தது எல்லாம் அதில் வரும். அந்தக் கதையின் உண்மையைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் ராணுவ கேன்டீன் வரிசையில் நின்றபோது ஹவில்தார் மயங்கி விழுந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டாக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே உங்களுக்கு வெயில் எதிரி. கோடை முழுக்கக் குளிர்ச்சியான அறையிலதான் இருக்கணும். அடுத்த தடவை விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றார். மகள் பயந்துவிட்டாள். அடுத்த கத்திரி பிறக்கிற நேரத்தில் வீட்டின் பின்னறையில் ஏசி வைத்து, மெத்தை போட்டு, உள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டி முடித்தாள்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஏசி வந்த அன்றே பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அரசாங்கக் கடிதம் மாதிரியே எண், பொருள், பார்வை எல்லாம் வைத்து ஒரு மாற்றல் உத்தரவு அடித்தேன். மறுநாள் டீக்கடையில் எழுந்து நின்று படித்தேன். 'மேற்படி ஹவில்தார் இன்று முதல் குளிர்சாதன அறையில் வசிக்கத் தொடங்குவதால், அவர் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டு விமானப்படைக்கு மாற்றப்படுகிறார். பாம்பு உண்பதற்கான படி உடனடியாக நிறுத்தப்படுகிறது. மீசை, புதிய படையின் விதிகளுக்கேற்ப ட்ரிம் செய்யப்படவேண்டும்.'

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹவில்தாரும் சிரித்தார். காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீயை முடிக்காமல் எழுந்து போனார். முடிக்காத டீ என் கண்ணில் பட்டது. பட்டும் நான் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்துக் காட்டினேன்.

மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை. மகள்தான் போன் செய்தாள்.

"பெரியப்பா, நைனா மாடிக்குப் போய்ட்டாரு."

"காத்து வாங்கவா?"

"பெட்டி, தட்டு, லோட்டா, கொசுவல எல்லாத்தையும் எடுத்துக்கினு போய்ட்டாரு. கேம்ப்பாம். கத்திரி முடியற வரைக்கும் எறங்க மாட்டாராம். பகல்லயும் அங்கதான் இருப்பாராம்."

"ஹால்ல ஃபேன் இருக்கே, அங்க படுக்கச் சொல்லும்மா."

"சொன்னேன். ஹால்ல படுத்தா ஏசி ரூம் கதவு இடுக்குல குளிர் வருதாம். அதுவும் ஏர்போர்ஸ்தானாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "டாக்டர் இன்னா சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

போய்ப் பார்த்தேன். தண்ணீர் டேங்கை ஒட்டி நாலு சவுக்குக் கழி நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தார். கான்கிரீட்டில் கழி நிற்காது என்பதால் அடியில் சிமெண்ட் சாக்குகளில் மணல் நிரப்பி அணைத்திருந்தார். மூன்று செங்கல் அடுப்பு. கொடிக்கயிற்றில் காய்கிற துணிகளுக்கு நடுவே மகளின் பழைய பச்சைத் துப்பட்டா. அது முகாமின் கொடி. டாய்லெட்டுக்குக் கீழே இறங்குவதற்கு மட்டும் அவர் சட்டத்தில் இடமிருந்தது. அதற்கு 'பேட்ரோல்' என்று பெயர். போகும்போது ஏசி அறைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போவார்.

"நில்லு, யாரது?" என்றார் என்னைப் பார்த்து, டேங்க் மறைவிலிருந்து.

"பழைய தோஸ்த்."

"ஏர்போர்ஸ்காரங்களுக்கு உள்ள அனுமதி இல்ல. வெயிலு ஜாஸ்தி. கருத்துப் போய்டுவீங்க."

மூன்றாம் நாள் காற்றில் தார்ப்பாய் பறந்து எதிர்வீட்டு முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. ஹவில்தார் போன் செய்து, "உங்க பழைய கம்பெனில தோலு ஏதாவது கெடைக்குமா? காத்துக்குப் பறக்காது பாருங்க" என்று கேட்டார். நான் போய், கழித்துக் கட்டிய எருமைத் தோல் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். பதப்படுத்தின தோல் அல்ல. உப்பு மட்டும் போட்ட பச்சைத் தோல். தோலில் புழங்கின எவனும் ஒரே மோப்பத்தில் சொல்லிவிடுவான். நூலில் பிறந்தவருக்கு அது தெரியாது. "நல்லாப் பதம் போட்டது" என்று பொய் சொன்னேன். வாடை தாங்காமல் ஒரே நாளில் இறங்கிவிடுவார் என்பது என் கணக்கு. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அப்போது மனசைத் தேற்றிக்கொண்டேன். அதிலும் பாதி வேடிக்கை பார்க்கிற ஆசைதான்.

அவர் இறங்கவில்லை. "காட்டுல இதவிட மோசமான வாடையில படுத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் தெருவில் இருந்த நாய்கள் அத்தனையும் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. காக்கைகள் டேங்கைச் சுற்றின. எதிர்வீட்டம்மா மகளிடம் வந்து, "உங்க அப்பா மேல இன்னாத்த வச்சு வளக்குறாரு?" என்று கேட்டாள். மணல் சாக்கைப் பற்றி யாரோ சொல்லி, தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். பாலாற்று மணலா என்று கேட்டதற்கு ஹவில்தார் விறைப்பாக நின்று, "அரண்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார். பாய் மட்டும் தினமும் தூக்கில் டீ கொண்டுவந்தார். அதை ஹவில்தார் கயிறு கட்டி மேலே இழுப்பார்.

"ஏர் டிராப்!" என்று கீழேயிருந்து கத்துவார் பாய்.

"கீழேருந்து மேல வந்தா அது ஏர் டிராப் இல்ல பாய். ஏர்போர்ஸ்காரனுங்ககிட்ட சகவாசம் வச்சா இப்டித்தான் எல்லாம் தலகீழாத் தெரியும்."

ஆறாம் நாள் அவர் குரல் கம்மிவிட்டது. உதடு வெடித்திருந்தது. கழியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போய், ரத்து உத்தரவு ஒன்று அடித்து எடுத்து வந்தேன். அவர் கண்ணைச் சுருக்கி இரண்டு தடவை படித்தார்.

"மாத்தல் கேன்சல்."

"ஆமா. நீ ஆர்மியேதான். எறங்கி வா."

"ஆர்மிக்காரனுக்கு ஏசி ரூம்ல இன்னா வேல?"

நான் அடித்த உத்தரவு, அதிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

மகள் என்னை வாசலில் நிறுத்தினாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள்: "லைன்ல நூறு பேர வச்சு வேல வாங்குறேன் பெரியப்பா. இந்த ஒரு ஆள எறக்க முடியல. நீங்கதான் மேல அனுப்பினீங்க. நீங்களே எறக்குங்க. அவர் விழுந்தார்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

அடுத்த நாலு நாளும் நானும் பாயும் மாறி மாறிப் போய்க் கெஞ்சினோம். பலன் இல்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் வீட்டில் இருந்தாள். பதினொரு மணிக்கு நான் ஒரு குடையோடு மாடி ஏறினேன்.

"குடை உள்ள வரக்கூடாது," என்றார். மடக்கி வைத்துவிட்டு எருமைத் தோலுக்கு அடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோல் அதற்குள் வெயிலில் காய்ந்து பலகை மாதிரி விறைத்திருந்தது. வாடை மட்டும் போகவில்லை.

"நீ எறங்கற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

"அரை மணி நேரம் தாங்குவீங்களா சார்ஜெண்டு?"

"நானும் காட்டுக்குப் போனவன்தான்," என்று வாய் தானாக ஆரம்பித்தது. பிறகு நிறுத்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். நான் காட்டுக்குள் போகவே இல்லை. விமானிகள் பயிற்சிக்குப் போனபோது சாமான் கொடுக்கிற ஆளாக மலையடிவாரத்துக் கூடாரத்தில் இருந்தேன். கம்பளியும் சாக்லேட்டும் எண்ணிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் குளிர் தாங்கவில்லை என்று வயிற்று வலி சொல்லி மருத்துவமனைக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். அட்டை என்னைக் கடித்ததே இல்லை.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தெரியும்," என்றார். "பனியச் சேத்துக் குடிச்சேன்னு சொல்வீங்களே, பனிய எதுல சேத்தீங்கன்னு ஒரு தபா கூட சொன்னதில்ல."

பிறகு அவர் தன் கதை ஒன்றைச் சொன்னார். ரிட்டயர் ஆன பட்டாளத்துக்காரர்களை மறுபடி எடுத்துக் காவல் வேலைக்குப் போடும் பிரிவு ஒன்று உண்டு. அதில் சேர்ந்து ஒரு விமானப்படைத் தளத்தில் மூன்று வருஷம் சென்ட்ரியாக இருந்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷ டீயில் அவர் சொன்னதே இல்லை.

"மெஷினு வச்ச ரூம் ஒண்ணு. மெஷினுக்கு ஏசி. நான் கதவுக்கு வெளிய. ராஜஸ்தான் வெயிலு. யாராவது கதவத் தொறந்தா ஒரு செகண்டு முதுகுல சில்லுனு படும். அந்த ஒரு செகண்டுக்காக நான் எண்ணிக்கினே நிப்பேன், இப்ப யாரு வருவாங்கன்னு. உடனே உள்ளேருந்து ஒருத்தன் கத்துவான், கதவ மூடு, குளிர் போவுதுன்னு." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இப்போ எம் பொண்ணு எனக்கே ஒரு ரூம் கட்டிக் குடுத்துட்டா. உள்ள போவ ஆசையாத்தான் இருந்துச்சு. நீங்க காயிதத்தப் படிச்சிட்டீங்க."

நான் அந்தத் தளத்தில் இருந்ததில்லை. அந்தக் குரல் என்னுடையதல்ல. ஆனால் வேறொரு தளத்தில், ரப்பர் சாமான்கள் கெடாமலிருக்க ஏசி போட்ட ஸ்டோர் அறையில், ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். வாசலில் ஒரு வயசான சென்ட்ரி இருந்தார். அதே வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் போகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதை அப்போது அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்து வியர்வை நின்றுபோயிருந்தது. வியர்வை நின்றால் ஆபத்து என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வேறு வழி தோன்றவில்லை. நான் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து மயங்கி விழுந்தேன்.

அதாவது, விழுந்த மாதிரி நடித்தேன்.

ஹவில்தார் பாய்ந்து எழுந்தார். பதினோரு நாளில் இல்லாத பலம் எங்கிருந்தோ வந்தது. என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார். பாதி உயரம் தூக்கி, "ஏர்போர்ஸ் ரேஷன்ல இன்னா வெயிட்டு!" என்று கீழே போட்டார். முழங்கை நன்றாகவே அடிபட்டது. நான் முனகக்கூட இல்லை. "கேஷுவால்ட்டி! கேஷுவால்ட்டி!" என்று கத்தினார். மகளும், டீத் தூக்கோடு வாசலில் நின்றிருந்த பாயும் ஓடி வந்தார்கள்.

"ஸ்ட்ரெச்சர் வேணும்," என்றார் ஹவில்தார். கழிகளைப் பிடுங்கினார். அவற்றோடு கட்டியிருந்த எருமைத் தோல் விறைப்பாகக் கையில் வந்தது. அதில் என்னை ஒருக்களித்துக் கிடத்தினார்கள்.

நான் கொடுத்த தோல். என் மூக்கு அதற்கு நேர் மேலே. மயங்கியவன் மூக்கைப் பொத்த முடியாது. மூச்சையும் எவ்வளவு நேரம்தான் அடக்குவது? படி இறங்கும்போது முன்னால் ஹவில்தார் 'லெஃப்ட், ரைட்' சொல்ல, பின்னால் பாய் "யா அல்லா, யா அல்லா" என்று தூக்கி வர, வாசலில் காத்திருந்த நாய்கள் உள்ளே நுழைந்து எங்களோடு அணிவகுத்து வந்தன. ஒன்று என் கையை நக்கியது. தோலை நக்கினதோ என்னவோ. அப்படியே ஏசி அறைக்குள் கொண்டுபோய் மெத்தையில் இறக்கினார்கள். மகள் ஏசியைப் போட்டாள்.

கண்ணை மூடியபடி காத்திருந்தேன். அவர் உள்ளே வந்துவிட்டார், என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் காலடி வெளியே போகிற சத்தம் கேட்டது. இமை இடுக்கில் பார்த்தேன். கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

மகள் சொன்னாள்: "உள்ள வா நைனா. இல்லன்னா கதவ மூடு, குளிர் போவுது."

அவர் கதவைப் பிடித்து மூட ஆரம்பித்தார்.

"அவுல்தாரே!" என்று கத்திவிட்டேன். மயங்கிக் கிடப்பவன் கத்துகிற சத்தமில்லை அது. பிறகு சுதாரித்துக்கொண்டு சன்னமான குரலில், "யாராவது உள்ள இருந்து காவல் பாக்கணும். மறுபடி மயக்கம் வர்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"சென்ட்ரி வெளியதான் நிக்கணும்."

"இது ஏர்போர்ஸ் ரூம். இங்க சென்ட்ரி உள்ளதான். உக்காந்துதான்."

யோசித்தார். விதி எங்கேயும் இடிக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். மகள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எனக்குக் கொண்டுவந்து, எனக்குக் கொடுக்காமல் அவருக்குக் கொடுத்தாள். குடித்தார். பத்து நிமிஷத்தில் தலை தொங்கிக் குறட்டை கேட்டது. நான் மெத்தையை விட்டு இறங்க, நாங்கள் மூவருமாக அவரைத் தூக்கி அதில் படுக்க வைத்தோம். விழித்ததும் "டியூட்டியில இருந்தேன்" என்றார். அன்று முதல் அந்த அறையில் அவர் வசிக்கவில்லை. காவல் காக்கிறார்.

ஒரு வாரம் கழித்து டீக்கடைக்கு வந்தார். உதடு ஆறியிருந்தது. பெஞ்சு முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

"பாய், ஒரு சந்தேகம். மயக்கம் வர்றவன் மொதல்ல கண்ணாடியக் கழட்டி, மடிச்சு, கூட்டுல போட்டு, கூட்டப் பாக்கெட்டுல வச்சுட்டா விழுவான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடி உடையக்கூடாது என்று கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. இருபது வருஷ ஸ்டோர்ஸ் புத்தி.

"தெரிஞ்சுக்கினே ஏன்யா தூக்கினே?" என்றேன்.

"ஏர்போர்ஸ்காரன் ஒருத்தன் வாழ்க்கையில மொத தபா ஒரு மணி நேரம் வெயில்ல குந்தினான். அதுக்கு ஒரு மரியாத வேணாமா? ஆனா கீழ போட்டது நெசமாவே கை வழுக்கித்தான்."

சிரிப்பு அடங்கி, மற்றவர்கள் எழுந்து போன பிறகு நான் அந்த ஸ்டோர் அறைக் கதவைப் பற்றி அவரிடம் சொன்னேன். சென்ட்ரி, ஜன்னலோர மேஜை, நான் சொன்ன வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னேன். தோல் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். தோலை அவர் பொருட்படுத்தவில்லை.

"அந்த சென்ட்ரி பேரு இன்னா?"

"தெரியாது."

"எத்தினி வருசம் இருந்தான்?"

"ரெண்டு."

"ரெண்டு வருசம் வாசல்ல நின்னிருக்கான். பேரு கேக்கல."

திட்டுவார் என்று இருந்தேன். டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "வெயில் ஏறுது. டியூட்டிக்கு நேரமாச்சு, வாங்க" என்று எழுந்தார்.

இப்போதெல்லாம் பகலில் நானும் அங்கேதான். அவர் கட்டிலில், நான் நாற்காலியில். தோலின் பின்னால் வந்த நாய்களில் ஒன்று திரும்பிப் போகவேயில்லை. ஏசிக்கு நேர் கீழே நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கும். அதை அவர் 'சார்ஜெண்ட்' என்று கூப்பிடுகிறார். அது வெளியே போய் வரும்போது கதவைத் திறந்தே போட்டுவிடுகிறது. குளிர் வெளியே போகும். என் கை உடனே கதவை மூடுவதற்கு எழும்பும். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.